கால் நறுக்காத கப்பாசிட்டர்

கறுப்பு டேப்பின் பசை கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் ஒட்டிக்கொண்டது. மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்தேன், தேங்காய் எண்ணெய் தடவிப் பார்த்தேன், போகவில்லை. இதை எழுதும் பேனாகூட விரலோடு வருகிறது. உன் பெட்டிக்குள் இருந்த பசை இது. ஒரு எல்.இ.டி. விளக்கையும், வெளிச்சம் பட்டால் மின்தடை குறைகிற எல்.டி.ஆர். ஒன்றையும் முகத்துக்கு முகம் வைத்து, வெளி வெளிச்சம் துளியும் புகாதபடி சுற்றிச் சுற்றிக் கட்டியிருந்தாயே, அந்த டேப். இருபத்துச் சொச்சம் திருப்பதிக் கோடைகளில் உருகி ஜிலேபிப் பாகு மாதிரி ஆகிவிட்டது. வாசனை மட்டும் அப்படியே இருக்கிறது. அது மூக்கில் ஏறியதும், "மூடியத் தொறக்காதடா, காத்து பட்டா கோச்சிக்கும்" என்று நீ கத்துவாய் என ஒரு நொடி கையை எடுத்துக்கொண்டேன். பிறகுதான் உறைத்தது, கத்த ஆள் இல்லை என்று.

திறந்துவிட்டேன். நீ என்னோடு இருந்தவரை அந்த மூடியின் நாலு ஸ்குருவையும் நான் தொட்டதில்லை. நீ மஸ்கட் போன பிறகும் தொடவில்லை. முதலில் கோபத்தில் தொடவில்லை, அப்புறம் மறதியில், அதற்கும் அப்புறம் ஏன் என்று எனக்கே தெரியாது. பெட்டி அலமாரி மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. இப்போது அதை இறக்க வைத்தவள் சுகுணா. புத்தூரில் பள்ளிக்கூட டீச்சர். ஞாயிற்றுக்கிழமைகளில் என் ஸ்டூடியோவுக்கு வந்து பாடிப் பதிவு செய்து போனில் ஏற்றுகிறாள். ஒருநாள் அண்ணாந்து பார்த்து, "சார், மேல இருக்கிறது இன்னா பெட்டி? தறி ஸ்டார்ட்டர் மாதிரி இருக்குது" என்றாள்.

ஸ்டார்ட்டர் பெட்டிதான். நகரியில் உங்கள் வீட்டுத் தறி மோட்டாரின் பழைய இரும்புப் பெட்டி. பச்சைப் பொத்தானும் சிவப்புப் பொத்தானும் இருந்த ஓட்டைகளில் நீ இரண்டு குமிழ்களை மாட்டினாய். உள்ளே கம்ப்ரஸர். பாடுகிறவர் திடீரென்று குரலை உயர்த்தினால் அடக்கிப் பிடிக்கும், முணுமுணுத்தால் தூக்கிக் கொடுக்கும், கேசட்டில் எல்லாம் ஒரே சீராக விழும். அந்தக் காலத்தில் வீட்டு ஓனரிடம் இதைச் சொன்னபோது, கம்ப்ரஸர் என்றால் ஃபிரிட்ஜ்தானே, ஒரு சொம்பு ஐஸ் தண்ணி கிடைக்குமா என்று கேட்டார். நீ சிரிக்காமல், "இன்னும் சில்லுனு ஆவல ஓனர், நாளைக்கு வாங்க" என்றாய். அவர் மறுநாள் சொம்போடு வந்து நின்றார். நான் மைக் அறைக்குள் ஓடிப்போய் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"நாங்க கட்டினது" என்று சுகுணாவிடம் சொன்னேன். 'நாங்க' என்று வாயில் எப்படி வந்ததோ. கட்டியது நீ. நான் பக்கத்தில் உட்கார்ந்து குறை சொன்னேன்.

கையால் கட்டிய இந்த மாதிரிப் பெட்டிகளை இப்போது வெளியூர்க்காரர்கள் தேடி வாங்குகிறார்களாம். போனில் எடுத்துக் காட்டினாள். "உள்ள பார்ட்ஸ மாத்துங்க சார், என் பாட்ட இதுல ஓட்டிப் பாக்கலாம்" என்றாள். எனக்கும் ஆசை வந்துவிட்டது. நீ போன பிறகு சால்டரிங் அயர்ன் பிடிக்கக் கொஞ்சம் கற்றுக்கொண்டேன். நீ வைக்கும் ஈயம் கண்ணாடி மாதிரி மின்னும். நான் வைத்தால் காக்கை எச்சம். ஆனாலும் துணிந்து புதுச் சாமான்களை வரவழைத்தேன். மெட்ராஸ் ரிச்சி தெருவில் நீ ஆறு கடை ஏறி இறங்கி வாங்கியதெல்லாம் இப்போது ஒரு கூரியர்ப் பையனின் பையில் வருகிறது. உள்ளே மருந்து காய்ந்துபோன கப்பாசிட்டர்களை எடுத்துவிட்டுப் புதியவை வைத்தேன். கார்பன் ரெசிஸ்டர்களைக் கழற்றி, இரைச்சல் குறைவான மெட்டல் ஃபிலிம் போட்டேன். ஐ.சி.யை மாற்றினேன். டேப் சுற்றிய ஜோடிக்குப் பதிலாக, கம்பெனியிலேயே ஒட்டி வருகிற ஒன்றைப் போட்டேன். மூடியின் உட்புறம் நீ பென்சிலால் வரைந்து ஒட்டியிருந்த சர்க்யூட் படத்தைப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் டிக் அடித்துக்கொண்டே வந்தேன்.

எல்லாம் முடிந்து சர்க்யூட் பலகையைத் திருப்பினால், அடிப்பக்கத்தில் ஒரு பச்சைக் கப்பாசிட்டர். மேலே 472 என்று எழுத்து. ஒரு ரெசிஸ்டரோடு கோத்துக்கொண்டு, செம்புக்கோட்டின் மேல் தொத்திக்கொண்டிருந்தது. படத்தில் அது இல்லை. படத்தை மூன்று தடவை பார்த்தேன், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நாலாவது தடவையும் பார்த்தேன். இல்லவே இல்லை.

அதைவிட என்னைக் குழப்பியது அதன் கால்கள். நீ எதை வைத்தாலும் கம்பிக் காலை ஒட்ட நறுக்குவாய். நறுக்கிய துண்டுகளைக்கூட பவுடர் டப்பா மூடியில் பொறுக்கி வைப்பாய். சும்மா வைத்துப் பார்க்கிற, பிறகு கழற்றப்போகிற பார்ட்டுக்கு மட்டும்தான் காலை நீளமாக விடுவாய். "இது விருந்தாளிடா, நாளைக்குப் பூடும்" என்பாய். இந்த 472க்கு விரல்கணு நீளத்துக்குக் கால் இருக்கிறது. இருபத்துச் சொச்சம் வருடமாக விருந்தாளி உள்ளேயே உட்கார்ந்திருக்கிறார்.

அந்த இடத்தில் அதை வைத்தால் என்ன ஆகும் என்று சொல்லுகிற அளவுக்கு எனக்கும் பாடம் தெரியும். கூர்மையான சத்தம் மட்டும் சில மடங்கு தூக்கிக்கொள்ளும். ச, ஸ, ஷ எல்லாம் ஊசியாகக் குத்தும். எந்தப் பெட்டிக்காரனும் வேண்டுமென்று அப்படி வைக்க மாட்டான். நீ ஏன் வைத்தாய்?

நாம் இருவரும் நகரியில் ஒரே தெரு. இரண்டு வீட்டிலும் விசைத்தறி. நாம் பிறந்தபோதே நாலு தறி ஓடிக்கொண்டிருந்ததாக என் அம்மா சொல்வாள். தறிக்கொட்டகையில் யாரும் யார் பேச்சையும் காதால் கேட்பதில்லை, வாயைப் பார்ப்போம். ஊடு நூலைச் சுமந்த நாடா அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் அடித்துக்கொண்டிருக்க, கொட்டகையின் அந்த மூலையில் இருக்கும் என் நைனா சத்தமே இல்லாமல் வாயசைத்தால், இந்த மூலையிலிருந்து நான் பீடி எடுத்துக்கொண்டு ஓடுவேன். நீ பதினைந்து வயதில் சித்தூருக்கு ஐ.டி.ஐ. படிக்கப் போய் ஹாஸ்டலில் தங்கிவிட்டாய். நான் இருபத்திரண்டு வரை தறியில் நின்றேன். இந்த வித்தியாசத்தை அப்போது யார் கணக்கில் எடுத்தார்கள்?

நாடு கதவைத் திறந்துவிட்டது என்று பேப்பரில் எழுதிக்கொண்டிருந்த வருடங்கள். நம் தெருவில் பாதி இளவட்டம் பெங்களூருக்கும் கல்ஃபுக்கும் கிளம்பியது. நாம் இரண்டு பேர் மட்டும் பக்கத்திலிருக்கும் திருப்பதிக்குக் கிளம்பினோம். அலிபிரி போகிற சாலையில் ஒரு மாடி அறை பிடித்தோம். சுவருக்கு நகரியிலிருந்து கழிவுப் பஞ்சு மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து அடைத்தோம். நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு. அந்தப் பக்கம் மைக், இந்தப் பக்கம் நாம். மலைக்கு நடந்து போகிறவர்கள் கோவிந்தா போட்டுக்கொண்டு கீழே கடந்தால் பதிவை நிறுத்திவிட்டுக் காத்திருப்போம். தமிழிலும் தெலுங்கிலும் பக்திப் பாட்டு கேசட் சுடச்சுடப் போன காலம் அது.

வேலையை நாம் பிரித்துக்கொண்ட விதம்தான் எனக்கு அப்போது பெருமை. "கை என்னுது, காது உன்னுது" என்று நீதான் முதலில் சொன்னாய். ஈயமும் கம்பியும் உன் பாடு. எது சரியாகக் கேட்கிறது, எது கேட்கவில்லை என்று சொல்வது என் பாடு. மிக்ஸர் முன்னால் உட்கார்ந்து, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பாடுகிறவரின் முகத்தை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருப்பேன். மற்ற ஸ்டூடியோக்களில் உள்ளே இருப்பவரோடு பேச ஒரு மைக் வைத்திருப்பார்கள். நமக்கு அது தேவைப்படவே இல்லை. நீ உள்ளே வயர் சரிசெய்யும்போது கண்ணாடி வழியாக வாயசைப்பாய், நான் வாயசைப்பேன். பாட வந்தவர்கள் ஏதோ மாயம் என்று பார்ப்பார்கள். ஒரு பாடகி அம்மா, "நீங்க ரெண்டு பேரும் ஊமையாப்பா?" என்று கேட்டே விட்டார்.

பிரச்சினை தொடங்கியது பெட்டி வந்த பிறகுதான். அதாவது, அப்படித்தான் நான் இத்தனை வருடமாக நம்பிக்கொண்டிருந்தேன். பாடும்போது எல்லா எழுத்தும் இருக்கும். சங்கு, சக்கரம், சீனிவாசா என்று ஒவ்வொன்றும் தெளிவாக எனக்குக் கேட்கும். டேப்பைத் திருப்பிப் போட்டால் ச எழுத்தெல்லாம் மழுங்கி, பல் இல்லாத கிழவர் பாடினாற்போல் இருக்கும்.

"ஒரேய், உன் பெட்டி எழுத்த முழுங்குதுடா" என்றேன்.

நீ ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டாய். கழற்றினாய். திரும்ப மாட்டினாய். "எனுக்கு அப்டி தெரியலியே" என்றாய்.

"உனக்கு எப்படித் தெரியும்? காது என்னுதுன்னு நீதானே சொன்ன?"

"சரேலே" என்றாய். தெலுங்கு சரேலே. சரி, போகட்டும் என்று அர்த்தம். உனக்குக் கோபம் வந்தாலும் அதுதான், சந்தோஷம் வந்தாலும் அதுதான், வேலை செய்ய அலுப்பாக இருந்தாலும் அதுதான். எந்தச் சரேலே எது என்று பிரித்துப் பார்க்க நான் பழகவே இல்லை.

அதற்குப் பிறகு ஏழெட்டு மாதம் அந்தப் பெட்டியைப் படாத பாடு படுத்தினோம். நீ மாதம் ஒரு தடவை ரயிலேறி மெட்ராஸ் போவாய். முன்பெல்லாம் கடைக்காரர்கள் கண்ணில் காட்டாத வெளிநாட்டு ஐ.சி.க்கள் அப்போது புளியங்கொட்டை மாதிரி தட்டில் கொட்டிக் கிடந்தன. ஒவ்வொரு தடவையும் நெஞ்சுப் பையில் ஒரு பொட்டலத்தோடு வருவாய். முதலில் இருந்த டார்ச் பல்பை எடுத்துவிட்டு எல்.இ.டி. வைத்தாய். ஐ.சி.யை மூன்று தடவை மாற்றினாய். ஒயரை ஷீல்டு போட்டதாக மாற்றினாய். நீ மாற்றுவாய், பாடகி அம்மா அதே அடியைப் பாடுவார், நான் திருப்பிப் போட்டுக் கேட்டு உதட்டைப் பிதுக்குவேன். நீ மூடியை எடுத்துக்கொண்டு ஜன்னல் ஓரம் போய் உட்கார்ந்துவிடுவாய். ஒருநாள் இட்லிப் பொட்டலத்தை முன்னால் வைத்துக்கொண்டு, "இன்னா பண்றேன்னே தெரியலடா. தப்பு எங்கன்னு தெரிஞ்சா துன்ன சோறு செரிக்கும்" என்றாய். நான் சட்னியை என் பக்கம் இழுத்துக்கொண்டு, உன் சால்டரிங்கில் எங்கேயோ கோளாறு என்று சொன்னேன். அதைச் சொன்னது நினைவிருக்கிறது. சொல்லாமல் இருந்திருக்கலாம்.

பிறகு ஒரு காலையில் நான் டேப்பைப் போட்டதும் ச எழுத்தெல்லாம் பளிச்சென்று வந்து விழுந்தது. துள்ளிக் குதித்தேன். "இப்ப சரிடா! இதுதான்! இன்னா பண்ண?" என்று கேட்டேன். "சும்மா ஒண்ணு வெச்சுப் பாத்தேன்" என்றாய். நான் உன்னைக் கட்டிப்பிடித்தேன். நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். நிறைய நேரம் பார்த்தாய் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது அப்படித் தோன்றியதா, இந்தப் பச்சைக் கப்பாசிட்டரைப் பார்த்த பிறகு நானாகச் சேர்த்துக்கொள்கிறேனா, சத்தியமாகத் தெரியவில்லை.

அந்த ஒலியோடுதான் முழு கேசட்டையும் முடித்தோம். பன்னிரண்டு பாட்டு. மெட்ராஸிலிருந்து கேசட் கம்பெனிக்காரர் வந்தார். வருடத்துக்கு இத்தனை கேசட் நமக்கே என்று பேச்சு. அது கிடைத்தால் ஸ்டூடியோ நிற்கும், இல்லையென்றால் இரண்டு பேரும் மறுபடி நகரிக்கோ கல்ஃபுக்கோ. அவர் முதல் பாட்டின் முதல் அடியிலேயே ஹெட்போனைப் பிடுங்கிப் போட்டார். "என்னய்யா இது, காதுல ஊசி ஏத்துற மாதிரி இருக்கு. இஸ் இஸ்னு பாம்பு சீறுது. இதை யார் கேப்பாங்க?" என்றார்.

நான் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. உன்னைக் கைகாட்டினேன். "இவன் வீட்ல கட்டின பெட்டி சார். பெட்டியில தப்பு. நான் அப்பவே சொன்னேன்" என்றேன்.

நீ அந்த இடத்தில் ஏதாவது சொல்லியிருக்கலாம். 'நீ கேட்டுத்தானே வெச்சேன்' என்று ஒரு வார்த்தை போதும். நீ சொன்னது சரேலே. அதுவும் அவரைப் பார்த்தா, என்னைப் பார்த்தா என்றுகூடத் தெரியாத மாதிரி தரையைப் பார்த்துக்கொண்டு. அவர் எழுந்து போய்விட்டார். இரண்டு மாதத்தில் நீ மஸ்கட்டுக்குப் போய்விட்டாய். ஏதோ கிடங்கில் மூட்டைக் கணக்கு பார்க்கிற வேலை. ஸ்டூடியோ உனக்கு, பெட்டியும் உனக்கே என்று மூன்றாவது ஆள் மூலமாகச் சொல்லி அனுப்பினாய். வழியனுப்ப நான் வரவில்லை. உன் பெட்டியால்தான் கெட்டது என்ற கடுப்பு எனக்கு. அதை அலமாரி மேல் தூக்கிப் போட்டுவிட்டுக் கடையில் செய்த கம்ப்ரஸர் வாங்கினேன். அதிலும் ச பளிச்சென்று விழும்வரை மிக்ஸரில் கூர்மையை ஏற்றி வைத்தேன். அதற்கு அப்புறமும் பாட வருகிறவர்கள், "கொஞ்சம் கூசுது சார்" என்றுதான் சொன்னார்கள். எல்லோருக்கும் நாசூக்கு அதிகமாகிவிட்டது என்று நினைத்தேன். பாட்டு குறைந்து, ஆட்டோவில் கட்டி ஓட்டுகிற விளம்பர அறிவிப்புப் பதிவுகள் வந்தன. குழாய் ஸ்பீக்கருக்கு எது கூசும்?

போன மாதம் அந்த 472ஐக் கழற்றினேன். படத்தில் இருப்பது மட்டும் பெட்டியில் இருக்கட்டும் என்று. சுகுணாவைப் பாடச் சொல்லிப் பதிவு செய்து போட்டேன். எனக்கு மழுங்கிய அதே கிழவர் குரல். பழைய ஆத்திரம் அப்படியே வந்தது. உன்னைத் திட்டினேன். போய்ச் சேர்ந்தவனைத் திட்டுகிறோமே என்றுகூடத் தோன்றவில்லை.

சுகுணாவோ கண்ணை விரித்துக்கொண்டு, "சார், இவ்ளோ நல்லா என் குரல நான் கேட்டதே இல்ல" என்றாள்.

"ச எங்கம்மா இருக்குது?" என்றேன்.

"எல்லாம் இருக்குது சார். பட்டு மாதிரி இருக்குது."

என்னோடு விளையாடுகிறாள் என்று எரிச்சல். அவளுக்கும் என்னைப் பார்த்து ஏதோ சந்தேகம் வந்திருக்க வேண்டும். டீச்சர் இல்லையா, பின்பெஞ்சில் திருதிருவென்று விழிக்கிற பிள்ளைகளைப் பார்த்தவள். நோட்டுப் புத்தகத்தை எடுத்து வாயை மறைத்துக்கொண்டு, எதிரில் உட்கார்ந்தபடியே அதே அடியைப் பாடினாள்.

"ஏம்மா எழுத்த முழுங்குற?" என்று கேட்டேன்.

அவள் புத்தகத்தை இறக்கிவிட்டு மறுபடி பாடினாள். எல்லா எழுத்தும் வந்துவிட்டது. புத்தகத்தை ஏற்றினாள், போய்விட்டது. இறக்கினாள், வந்தது. மூன்றாவது தடவை அவள் ஏற்றவில்லை. என்னைப் பார்க்காமல் தண்ணீர் பாட்டிலைத் தேடினாள்.

மறுநாளே காது டாக்டரிடம் போனேன். கண்ணாடி அறையில் உட்காரவைத்து ஹெட்போன் மாட்டினார்கள். மைக் இல்லாத பக்கத்தில் நான் உட்கார்ந்தது போய், இப்போது உள்ளே நான். காகிதத்தில் வந்த கோடு பாதி வரை நேராகப் போய், பிறகு மலையிலிருந்து கல் உருண்டாற்போல் கீழே விழுந்திருந்தது. டாக்டர் அதைப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார், "மக்கம் பனி சேசாரா?" தறி வேலை செய்தீர்களா என்று. கோட்டைப் பார்த்தே தொழிலைச் சொல்கிறார்கள். சின்ன வயதிலேயே போயிருக்கும் என்றார்.

ஆக, இதுதான் நடந்தது. பாடும்போது ச எனக்குக் கேட்டது காதில் இல்லை, அந்த அம்மாவின் உதட்டில். டேப்புக்கு உதடு கிடையாது. அதனால் டேப்பில் ச இல்லை. இல்லாத நோய்க்கு உன்னை ஏழெட்டு மாதம் மருந்து தேட வைத்தேன். நீ கடைசியில் என் காதுக்குச் சரியாக இருக்கும்படி ஒன்றை வைத்தாய், அதற்கும் நானே உன்னைக் காட்டிக்கொடுத்தேன்.

இங்கேதான் எனக்குத் தலை சுற்றுகிறது. உனக்குத் தெரியுமா? காலை நறுக்காமல் விட்டிருக்கிறாய். அப்படியென்றால் அது தப்பு என்று தெரிந்தே வைத்தாய், என் முகத்தைப் பார்த்து என் காதைச் சோதித்தாய், எடுத்துவிடலாம் என்று இருந்தாய். சரி, ஏன் எடுக்கவில்லை? நான் கட்டிப்பிடித்ததால் வாய் வரவில்லையா? அல்லது உன் காதும் என் காது மாதிரிதானா, நீயும் அதே தறிச் சத்தத்தில் தவழ்ந்தவன்தானே? அப்போது கால் நீளமாக இருப்பது வெறும் சோம்பலா? தெரிந்து வாயை மூடிக்கொண்டு போயிருந்தால், என்னை மன்னித்தாய், அல்லது வெறுத்தாய், இரண்டில் ஒன்று. தெரியாமல் போயிருந்தால், உன் கையில்தான் தப்பு என்று நம்பிக்கொண்டே செத்திருக்கிறாய். அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நீ ஊர் திரும்பி நாலு வருடம் ஆகியிருந்தது என்பது எனக்குத் தெரியும். ஒன்றரை மணி நேர பஸ். நானும் வரவில்லை, நீயும் வரவில்லை. நீ போன செய்தியே காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் வந்தது. ஆனாலும் போன வாரம் கிளம்பி நகரிக்குப் போனேன். பஸ்ஸில் என்னென்னவோ ஒத்திகை பார்த்துக்கொண்டேன். உன் வாசலில் நின்றதும் எல்லாம் மறந்துவிட்டது.

உன் வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது. உன் பெரியவன் நிற்கிறான், மீசையெல்லாம் உன்னுடையது. உன் மனைவி என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலி போட்டாள். அழவில்லை. நான்தான் மூக்கைச் சிந்தினேன். சத்தத்துக்கு நடுவில் அவள் என் வாயைப் பார்க்க, நான் அவள் வாயைப் பார்க்க, பேச்சு நடந்தது.

"தங்கச்சி, அவனுக்குக் காது எப்படி?" என்று கேட்டேன். துக்கம் விசாரிக்க வந்தவன் கேட்கிற கேள்வியா இது?

"அவருக்கு காதுக்கு இன்னா கொறைச்சல்ணா? தறி ஓடிக்கினு இருக்க சொல்லோவே பக்கத்து ஊட்டு குக்கரு எத்தினி விசிலுன்னு சொல்லுவாரு" என்றாள்.

எனக்கு மூச்சு வந்தது. அப்படியென்றால் உனக்குத் தெரியும். தெரிந்துதான் போயிருக்கிறாய். மன்னித்தாயோ வெறுத்தாயோ, உன் கை மேல் உனக்குச் சந்தேகம் இல்லை. அந்த நிம்மதி அரை நிமிடம்கூட நிற்கவில்லை.

"ஆனா அந்த சால்டரிங் மட்டும் தொடவே மாட்டேன்னுட்டாருண்ணா. டிவி பூட்ச்சின்னாகூட கடைக்கித்தான் எத்துக்கினு போவாரு. நீங்கதான் ஐ.டி.ஐ. படிச்சீங்களே, பாக்கக் கூடாதான்னு நான் கேட்டா, நான் கை வெச்சா கெட்டுப் பூடும்னுவாரு."

அதை அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். கேட்டுக் கேட்டுப் பழகிய வீட்டுப் பேச்சு மாதிரி. பிறகு சொன்னேன். பச்சைக் கப்பாசிட்டர், டாக்டர், கோடு எல்லாம் தாறுமாறாகச் சொன்னேன். அவளுக்கு எவ்வளவு புரிந்ததோ. கடைசியில், "அவன் கட்டின பெட்டியில தப்பே இல்லம்மா" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

அவள் கொஞ்ச நேரம் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு திரும்பி, கொட்டகையின் மூலையில் நின்ற மகனைப் பார்த்து உரக்கக் கத்தினாள். அந்த இரைச்சலில் யாரும் கத்துவதில்லை, வாயசைத்தால் போதும். ஆனாலும் கத்தினாள். "டேய், இவரு சொல்றாரு பாரு! உங்க நைனா கட்டின பெட்டில தப்பு ஒண்ணும் இல்லியாம்!"

எந்தப் பெட்டி என்று அவன் கேட்கவில்லை. தறியை நிறுத்திவிட்டு வந்தான். கொட்டகையே திடீரென்று அமைதியாகிவிட்டது.

"அப்ப யாரு மேல தப்பு?" என்றான்.

"என் காதுல" என்றேன். தறி நின்றுவிட்டது என்பது மறந்து, நானும் கத்தித்தான் சொன்னேன்.

உன் மனைவிதான், "இத்த அவரு இருக்க சொல்லோ வந்து சொல்லியிருக்கலாமேண்ணா" என்றாள். பிறகு மோர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தேன்.

இப்போது பெட்டி ஓடுகிறது, படத்தில் நீ வரைந்தபடி. பாட வருகிற யாராக இருந்தாலும் முதலில் உட்காரவைத்து, எனக்கு ச கேட்காது, நீங்கள்தான் கேட்டுச் சொல்ல வேண்டும் என்கிறேன். ஒலிப்பதிவுக்காரன் வாயிலிருந்து இது வந்தால் அவர்கள் விழிக்கிறார்கள். இரண்டு பேர் எழுந்தும் போய்விட்டார்கள். போகட்டும். உன் விஷயம்தான் இன்னும் பிடிபடவில்லை. அவ்வளவு நல்ல காது இருந்தும், கை வைத்தால் கெட்டுப்போகும் என்று ஏன் சொன்னாய்? பெட்டி சரி என்று தெரிந்த மனிதன் ஏன் அதற்குப் பிறகு ஒரு ஒயரைக்கூடத் தொடவில்லை? உன் காதை நீ நம்பினாயா, என் வார்த்தையை நம்பினாயா? நேற்று ஒரு பதில் சரி என்று பட்டது, இன்று இன்னொன்று. எப்படிப் புரட்டிப் பார்த்தாலும், அந்தக் கம்பெனிக்காரர் முன்னால் உன்னை நோக்கி நீண்ட என் கை மட்டும் அப்படியே நீட்டிக்கொண்டிருக்கிறது, அதை எப்படி மடக்குவது என்று எனக்குத் தெரியவில்லை.